வேலூரில் ஓடியாடும் பிள்ளைக்கு உடுப்பும் காலணியும்: அளவெடுப்பது முதல் பழசைத் தள்ளுவது வரை

வேலைமாற்றலில் வேலூருக்கு வந்தவர்கள், சிகிச்சைக்காகவோ படிப்புக்காகவோ குடும்பத்தோடு வந்து தங்கியிருப்பவர்கள், பிள்ளையை இப்போதுதான் மைதானத்துக்கு அனுப்பத் தொடங்கும் உள்ளூர்ப் பெற்றோர்கள் ஆகியோருக்கு இந்த வழிகாட்டி. 2 வயது முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும்.

முக்கியமான சங்கதியை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்கு மூன்று வகை உடுப்பு இருக்கும்: பள்ளிச் சீருடை, விசேஷத்துக்குப் போடுவது, பழசானது. பழசானதுதான் விளையாட்டு உடுப்பு என்று ஆகிவிடுகிறது. காலுக்கோ, "வளர்ற பிள்ளைதானே" என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்த ஷூ. கீழே விழுவது, குதிகால் உரிவது, வேர்க்குரு, முள் குத்துவது என்று வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு பழக்கத்திலிருந்துதான் கிளம்புகிறது. விளையாட்டுக்கென்று தனியாக இரண்டு செட் துணியும், இன்றைய காலுக்குச் சரியான ஒரு ஜோடி ஷூவும் இருந்தால் போதும். பெரிய செலவில்லை. ஆனால் வரிசையாகச் செய்ய வேண்டும்.

1. முதலில் தரையைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் பிள்ளை விளையாடும் இடத்துக்கு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள். கோட்டையை ஒட்டிய பூங்கா, பள்ளி மைதானம் போன்ற மண்ணும் புல்லும் கலந்த தரை என்றால் கேன்வாஸ் ஷூவோ எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் ஷூவோ போதும். சிமெண்ட் தெரு, அடுக்குமாடி வளாகம், மொட்டை மாடி என்றால் அடியில் கொஞ்சம் மெத்தென்று இருக்க வேண்டும். தட்டையான கேன்வாஸில் நாள் முழுக்கக் குதித்தால் குதிகால் வலிக்கும்.

மலையடிவாரத்துக் காலி மனைகள், ஏரிக்கரை, கொல்லைப்பக்கம் என்றால் முள்தான் முதல் எதிரி. வேலிக்காத்தான் முள் நீளமானது, உறுதியானது. ஈ.வி.ஏ. எனப்படும் நுரைபோன்ற சோலில் அது வாழைத்தண்டில் ஊசி இறங்குவதுபோல் இறங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. உடைந்த நுனி உள்ளேயே நிற்கும். பிள்ளை நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். இப்படிப்பட்ட இடத்துக்கு அடியில் கெட்டி ரப்பர் உள்ள, விரல் மூடிய ஷூதான் சரி. நெருஞ்சி முள் சின்னது, சோலைத் துளைக்காது. ஆனால் பாதம் தெரியும் செருப்பில் பக்கவாட்டில் ஏறிக் குத்தும்.

பாலாற்று மணலில் ஷூ போட்டால் மணல் புகுந்து தோலை உராயும். அங்கே குதிகாலில் வார் உள்ள சாண்டல் நல்லது. மதிய வெயிலில் மணல் காலைச் சுடும், கண்ணாடிச் சில்லும் கிடக்கும். வெறுங்காலோடு விடாதீர்கள்.

வெறுங்கால் எல்லா இடத்திலும் கெடுதல் என்று சொல்லவில்லை. சுத்தமான புல்தரையிலும் வீட்டு முற்றத்திலும் சின்னப் பிள்ளைகள் வெறுங்காலில் ஓடினால் பாதத்துக்கு நல்ல பலம். மலம் கழிக்கும் பழக்கமுள்ள மண்ணில் மட்டும் கூடாது. கொக்கிப்புழு பாதத் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும்; அதனால் ரத்தசோகை வரும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு மாத்திரையைத் தவறாமல் கொடுத்துவிடுங்கள்.

2. காலை அளந்து தாளில் எழுதுங்கள்

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போவது வழக்கம். அதற்கு முன் வீட்டில் பத்து நிமிடம் செலவழியுங்கள்.

மாலை 5 மணிக்கு மேல் அளவெடுங்கள். பகலெல்லாம் ஓடிய கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் எடுத்த அளவுக்கு வாங்கினால் மாலையில் இறுக்கும். தரையில் வெள்ளைத்தாளை வைத்து, அதன் ஓரம் சுவரைத் தொடும்படி தள்ளுங்கள். பிள்ளை குதிகால் சுவரில் படும்படி இரண்டு காலிலும் எடை போட்டு நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி எடுத்தால் பாதம் விரியாது, அளவு குறைந்துவிடும். பென்சிலை நேராக நிறுத்திப் பாதத்தைச் சுற்றி வரையுங்கள். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் பாதம் நிஜத்தைவிடச் சின்னதாகிவிடும்.

நீளமான விரல் எது என்று பாருங்கள். எல்லோருக்கும் கட்டைவிரல் நீளம் அல்ல. சிலருக்கு இரண்டாவது விரல் நீண்டிருக்கும். குதிகாலிலிருந்து அந்த விரல் நுனி வரை அளந்து சென்டிமீட்டரில் குறியுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். 3, 4 மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது சாதாரணம். பெரிய காலின் அளவுதான் கணக்கு.

அதோடு 1.2 செ.மீ. கூட்டுங்கள். ஓடி நிற்கும்போது பாதம் முன்னால் சறுக்கும்; அந்த இடமும் வளர்ச்சிக்கான இடமும் இதில் அடங்கிவிடும். இதற்கு மேல் வேண்டாம்.

இனி எண். இங்கே கிடைக்கும் சிறுவர் ஷூக்களில் பெரும்பாலும் இங்கிலாந்து அளவுதான் இருக்கும். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் சுமார் 8.5 மி.மீ. வித்தியாசம். 13க்கு அடுத்து 14 கிடையாது, மறுபடி 1 வரும். 7 வயதுப் பிள்ளைக்கு "1" என்று எழுதிய ஷூவைக் கொடுத்தால் கைக்குழந்தைக்கானது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். தோராயமாக, ஷூவின் உள்நீளம் இப்படி வரும்:

எண் 8: 16.9 செ.மீ.
எண் 9: 17.8 செ.மீ.
எண் 10: 18.6 செ.மீ.
எண் 11: 19.5 செ.மீ.
எண் 12: 20.3 செ.மீ.
எண் 13: 21.2 செ.மீ.
எண் 1: 22 செ.மீ.

வலது கால் 16 செ.மீ., இடது கால் 16.3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 16.3 உடன் 1.2 சேர்த்தால் 17.5. எண் 8 போதாது. எண் 9 எடுக்க வேண்டும். ஐரோப்பிய அளவு போட்டிருந்தால் ஒரு எண்ணுக்கு 6.67 மி.மீ.; இங்கிலாந்து 10 என்பது ஐரோப்பிய 28க்குச் சமம்.

எண்ணை நம்பி மட்டும் வாங்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வரைந்த பாதத்தைக் கத்தரியால் வெட்டி எடுத்து, தேதி எழுதி, கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் அதுதான் உங்கள் சாட்சி.

3 வயதுக்குள் 2 மாதத்துக்கு ஒருமுறை, 3 முதல் 6 வயது வரை 3 மாதத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளவெடுங்கள். 3 முதல் 6 வயதில் பாதம் மாதத்துக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். அப்படியானால் 1.2 செ.மீ. இடைவெளி ஆறு மாதத்தில் பாதியாகிவிடும். பாதிக்குக் கீழே வந்தால் ஷூ மாற்ற வேண்டிய நேரம். பிள்ளை "இறுக்குது" என்று சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். சின்ன வயதில் பாதம் மெத்தென்று இருப்பதால் இறுக்கம் வலியாகத் தெரியாமலே விரல் மடங்கிப் பழகிவிடும்.

3. கடையில் ஷூவைக் கையில் எடுத்துச் சோதியுங்கள்

மாலையில் போங்கள். மே கடைசி வாரம், ஜூன் முதல் வாரம், தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் ஆகியவற்றைத் தவிருங்கள். பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் அந்த நாள்களில் உட்கார இடம் கிடைக்காது. கையில் கிடைத்த எண்ணைத் திணித்து அனுப்பிவிடுவார்கள். விளையாடும்போது போடும் சாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஷூ கைக்கு வந்ததும் முதலில் மடக்கிப் பாருங்கள். முன்பாகத்தையும் குதிகாலையும் பிடித்து மடக்கினால், கால்விரல்கள் மடங்கும் இடத்தில் ஷூ வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் அந்த ஷூ பாதத்தைத் தாங்காது. எங்குமே வளையவில்லை என்றால் பிள்ளை காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் தடுக்கி விழும். அடுத்து ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்குங்கள்; லேசாகத்தான் முறுக வேண்டும். பிறகு குதிகாலின் பின்சுவரை இரண்டு விரலால் அழுத்துங்கள். அட்டைபோல் நசுங்கினால் வேண்டாம்.

அடிப்பாகத்தில் வழுக்காமல் பிடிக்கும் வெட்டுக்கோடுகள் இருக்கின்றனவா, அது ரப்பர்தானா என்று பாருங்கள். நகத்தால் அழுத்தினால் ரப்பர் லேசாக அமுங்கி மீளும். பளபளப்பாக, நகம் வழுக்கிப்போகும்படி இருந்தால் பி.வி.சி.; ஈரச் சிமெண்டில் சறுக்கும். முள் உள்ள இடத்துக்கு என்றால் முன்பாதத்தில் 8 முதல் 10 மி.மீ. தடிமனாவது பாருங்கள்.

இப்போது வெட்டிய தாள். உள்ளே உள்ள மெத்தையைக் கழற்ற முடிந்தால் கழற்றி அதன்மேல் தாளை வையுங்கள். குதிகாலை ஒட்டி வைத்தால் விரலுக்கு முன் ஒரு பெருவிரல் அகலம் மிஞ்ச வேண்டும். பக்கவாட்டில் தாள் வெளியே வழியக் கூடாது. கழற்ற முடியாது என்றால் தாளையே ஷூவுக்குள் விடுங்கள். ஓரம் மடங்கினால் முன்பக்கம் ஒடுக்கம் என்று அர்த்தம். கட்டைவிரலால் ஷூவின் மூக்கை அழுத்திப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். அழுத்தியதும் பிள்ளை விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும், இடம் நிறைய இருப்பதுபோல் தோன்றும்.

போட்டபின் கடைக்குள்ளேயே நடக்க, குந்த, இரண்டு முறை குதிக்கச் சொல்லுங்கள். பின்னால் நின்று குதிகாலைக் கவனியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் ஷூவிலிருந்து எழும்பினால் அது பெரியது. பஞ்சு வைத்தோ, இரண்டு சாக்ஸ் போட்டோ சரிக்கட்டலாம் என்று கடைக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

6 வயதுக்குள் வெல்க்ரோ பட்டை போதும். லேஸ் கட்டத் தெரியாத பிள்ளைக்கு லேஸ் ஷூ கொடுத்தால் அவிழ்ந்த லேஸை அதே மிதித்து விழும். பட்டையே இல்லாமல் நுழைத்துப் போடும் ஷூவும், துளைத்துளையாக இருக்கும் ரப்பர் கிளாக் செருப்பும் ஓடுவதற்கு ஆகாது. கிளாக்கைப் பிடிக்கக் கால்விரல் உள்ளே மடங்கிக்கொண்டே இருக்கும். எஸ்கலேட்டர் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும் அபாயமும் அதற்கு உண்டு.

4. ஆம்பூர் பக்கம் மலிவாக வாங்குகிறீர்களா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோலும் ஷூவும் தொழிலாக உள்ள ஊர்கள் பக்கத்திலேயே இருப்பது நமக்கு வசதி. ஏற்றுமதியில் மிஞ்சியது, சிறு குறையுள்ளது என்று நல்ல சரக்கு பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்கத் தெரிந்தால் லாபம்தான். நான்கு இடத்தில் ஏமாறலாம்.

ஜோடி மாறியிருக்கும். இடதும் வலதும் ஒரே எண்ணா என்று உள்பட்டையில் படித்துப் பாருங்கள். இரண்டையும் அடியோடு அடி ஒட்டி வைத்துப் பாருங்கள்.

ஒட்டு விட்டிருக்கும். மேல்பாகமும் சோலும் சேரும் கோட்டில் கட்டைவிரல் நகத்தைச் சுற்றிலும் ஓட்டுங்கள். நகம் நுழைகிற இடத்தில் ஒரு மாதத்துக்குள் வாய் பிளக்கும்.

பழைய சரக்காக இருக்கும். பலர் அறியாதது இதுதான். பி.யூ. என்னும் பாலியூரிதேன் சோல், காற்றிலுள்ள ஈரத்தால் சும்மா கிடந்தாலும் உள்ளுக்குள் சிதையும். பெட்டி பிரிக்காமல் சில ஆண்டு கிடந்த ஷூ பார்வைக்குப் புதிதாக இருக்கும். பிள்ளை நாலு நாள் ஓடியதும் சோல் பிட்டுப் பிட்டாக உதிரும். பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கிறதா பாருங்கள். பெட்டி இல்லையென்றால் சோலின் பக்கவாட்டில் நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுப்போ, மாவுபோல் உதிர்வோ இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நான்காவது, தோல் ஷூ. பார்க்க அழகு, ஆனால் நனைந்து காய்ந்தால் விறைக்கும், எடையும் கூடுதல். மைதானத்தில் ஓடும் பிள்ளைக்குத் துணியும் வலையும் கலந்த மேல்பாகமே மேல்.

5. சாக்ஸ்

பருத்தி அதிகமாகவும் கொஞ்சம் நைலானும் கலந்தது எடுங்கள். முழு நைலான் வியர்வையை உறிஞ்சாது. முழுப் பருத்தி தொங்கிப்போய் ஷூவுக்குள் சுருளும், அந்தச் சுருளில்தான் கொப்புளம் வரும். விரல் நுனித் தையல் தடிப்பாக இருந்தால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடலாம், தப்பில்லை. ஒரு நாள் போட்டதை மறுநாள் துவைக்காமல் போடக் கூடாது. குறைந்தது நாலு ஜோடி வேண்டும்.

6. உடுப்பு: துணி, தையல், அசைவு

மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அதை மனத்தில் வைத்துத்தான் துணியெடுக்க வேண்டும். சாதாரண விளையாட்டுக்குப் பனியன் துணி டி-ஷர்ட், 160 முதல் 180 ஜி.எஸ்.எம். வரை (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு). இதைவிட மெல்லிசு என்றால் வெயிலைத் தடுக்காது, சீக்கிரம் கிழியும். 200க்கு மேல் என்றால் பிள்ளை புழுங்கிவிடும். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அந்தப்பக்கம் உங்கள் விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் வெயிலும் அப்படியே உள்ளே போகும்.

பருத்தி வியர்வையை உறிஞ்சி நனைந்து உடம்போடு ஒட்டும். ஒரு மணி நேரம் கால்பந்து ஆடும் பிள்ளைக்கு அது பாரம். அப்படிப்பட்டவர்களுக்கு நுண்துளையுள்ள பாலியஸ்டர் ஜெர்சி பரவாயில்லை. ஆட்டம் முடிந்த கையோடு கழற்றிவிட வேண்டும். வேர்க்குரு வரும் பிள்ளைக்குப் பாலியஸ்டர் ஒத்துவராது. அவர்களுக்குத் தளர்வான பருத்தி, பாதியில் மாற்ற இன்னொரு டி-ஷர்ட். பவுடரை அப்பாதீர்கள், வியர்வையோடு குழைந்து துளைகளை அடைக்கும்.

அளவு பார்க்க மூன்று அசைவு போதும். இரண்டு கையையும் மேலே தூக்கினால் வயிறு தெரியக் கூடாது. முழுதாகக் குந்தி உட்கார்ந்தால் இடுப்புப் பின்பக்கம் இறங்கக் கூடாது, தொடையில் பிடிக்கக் கூடாது. காலை அகட்டி ஒரு படியில் ஏறினால் கவட்டில் தையல் இழுக்கக் கூடாது. தையற்காரரிடம் தைக்கக் கொடுத்தால் கவட்டில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். நாலு தையலும் ஒரே புள்ளியில் சேரும் இடம்தான் முதலில் பிரியும். அந்தத் துண்டு இருந்தால் இழுப்பு பரவிவிடும்.

அரைக்கால் டிராயர் முழங்கால் வரை வர வேண்டும். சறுக்கு மரத்தில் தொடையின் பின்புறம் நேரடியாகப் படாமலிருக்க இது அவசியம். தகரச் சறுக்கு மரம் வெயிலில் சில நொடியில் தோலைப் பொசுக்கும். பிள்ளையை ஏற்றும் முன் உங்கள் புறங்கையை அதன்மேல் ஐந்து நொடி வையுங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் பிள்ளையும் உட்காரக் கூடாது.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீளப் பாவாடையும் தரை தொடும் ஃபிராக்கும் ஏணியில் ஏறும்போது காலில் மிதிபடும். "பாவாடை போட்டுக்கிட்டு ஏறாதே" என்று பிள்ளையைத் தடுப்பதைவிட, ஏறுவதற்கு ஏற்ற உடுப்பைக் கொடுப்பதுதான் நியாயம். முழங்கால் வரை லெக்கிங்ஸும் டி-ஷர்ட்டும், அல்லது ஃபிராக்குக்குள் ஒரு டிராயர். இது போதும், பிள்ளை கூச்சமில்லாமல் கம்பியில் தலைகீழாகத் தொங்கும்.

சமிக்கி, ஜரிகை, வலைத்துணி வைத்த உடுப்பு விளையாட்டுக்கு வேண்டாம். அக்குளிலும் கழுத்திலும் கீறும். நைலான் வலை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். தீபாவளிப் புத்தாடை எப்படியிருந்தாலும் பட்டாசு வெடிக்கும்போது பருத்திக்கு மாற்றிவிடுங்கள்.

7. கழற்றி வைக்க வேண்டியவை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். கிழிந்த முழங்கால் ஆறிவிடும்; கழுத்தில் சுற்றிய கயிறு அப்படியல்ல.

தொப்பியோடு வரும் மேல்சட்டையில் கழுத்தைச் சுற்றி நாடா இருந்தால் வாங்கிய அன்றே உருவிவிடுங்கள். ஐரோப்பியத் தரவிதிப்படி 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் கழுத்திலும் தொப்பியிலும் நாடாவே இருக்கக் கூடாது. சறுக்கு மரத்தின் உச்சியில் உள்ள இடுக்கில் நாடா மாட்டி, பிள்ளை கீழே சறுக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. துப்பட்டா, மஃப்ளர், கழுத்தில் கட்டிய தாயத்துக் கயிறு, அடையாள அட்டைக் கயிறு எல்லாவற்றுக்கும் இதே அபாயம் உண்டு. தாயத்தைக் கழற்ற மனமில்லை என்றால் இடுப்புக் கயிற்றில் கோத்து, டிராயருக்குள் இருக்கும்படி வையுங்கள்.

கொலுசு, கண்ணாடி வளையல், மோதிரம் மூன்றும் விளையாடும் நேரத்தில் வீட்டில் இருக்கட்டும். கொலுசு வலையிலும் சைக்கிள் செயினிலும் மாட்டும். மோதிரம் கம்பியில் மாட்டினால் விரல் சதையையே உரித்துவிடும். இடுப்பு நாடா தொங்கும் ட்ராக் பேன்ட் என்றால் நாடாவை நடுவில் ஒரு தையல் போட்டு நிறுத்தி, வெளியே தெரியும் நுனியை வெட்டிவிடுங்கள்.

8. சைக்கிளும் பைக்கும்

மைதானத்துக்குப் போகும் வழியிலேயே நடக்கும் விபத்து ஒன்று உண்டு. சைக்கிள் கேரியரிலோ பைக்கின் பின்னாலோ உட்கார்ந்த பிள்ளையின் குதிகால் சக்கரக் கம்பிக்குள் போய்விடும். தோலோடு சதையும் பிய்ந்து, ஆற வாரக்கணக்காகும். செருப்பு போட்ட காலுக்கு எந்தக் காப்பும் இல்லை. பின்னால் உட்காரும் பிள்ளைக்குக் குதிகாலும் கணுக்காலும் மூடிய ஷூ, கால் வைக்க ஒரு கட்டை, சக்கரத்தை மறைக்கும் வலைத்தகடு ஆகிய மூன்றும் வேண்டும். சைக்கிள் கடையில் வலைத்தகடு மாட்ட அதிக நேரமாகாது. பிள்ளை தானே ஓட்டினால் செயின் பக்கத்துப் பேன்ட் காலை ரப்பர் பேண்டால் இறுக்கிவிடுங்கள்.

9. நேரமும் பருவமும்

மார்ச் முதல் ஜூன் வரை காலை 9 மணிக்குள், மாலை 4.30க்கு மேல். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலில் மாலை 5 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொப்பி சுற்றிலும் விளிம்புள்ளதாக இருக்க வேண்டும். கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் காக்காது. தாடைக்கயிறு இருந்தால் இழுத்தால் விடுபடும் வகையாக இருக்கட்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும், காலையிலும் மாலையிலும் அதிகம். அதாவது பிள்ளைகள் விளையாடும் நேரத்திலேயே. இந்த மூன்று மாதமும் மெல்லிய முழுக்கை, முழுக்கால் உடுப்பு. இரண்டாவது ஜோடி காலணியும் இப்போதுதான் தேவைப்படும். ஈர ஷூவை மறுநாளும் போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். ஏலகிரிக்கு டிசம்பர், ஜனவரியில் போனால் ஒரு தடிமனான ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லிய உடுப்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. ஓடியதும் ஒன்றைக் கழற்றலாம்.

அமிர்தி, ஏரி, கோட்டை அகழி, கல்குவாரிப் பள்ளம் என்று தண்ணீர் பக்கம் போனால் நீலமும் வெள்ளையும் பச்சையும் வேண்டாம். தண்ணீரில் அவை கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சள் போடுங்கள். வார் இல்லாத செருப்பு தண்ணீரில் நழுவிப் போகும். அதைப் பிடிக்கப் பிள்ளை ஆழத்துக்குப் போகும். வார் உள்ள சாண்டல் மட்டுமே.

10. பில், பெட்டி, தடுப்பூசி அட்டை

பில் கேட்டு வாங்குங்கள். எண் மாற்றித் தருவதாகச் சொன்னால் எத்தனை நாளுக்குள் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். அளவு பொருந்தாதது குறைபாடு ஆகாது, எழுத்தில் இருந்தால்தான் கேட்க முடியும். ஒட்டு பிளப்பது, சோல் உதிர்வது குறைபாடு. அப்படிப்பட்ட பொருளை, பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடவில்லை என்றால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும், பில் தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சிட்டிருந்தாலும் இது பொருந்தும். பேசித் தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

எம்.ஆர்.பி.யில் வரி அடக்கம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம். பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் இருந்தால் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். பெட்டியை ஒரு மாதம் வரை எறியாதீர்கள்.

புது ஷூவை முதல் மூன்று நாள் வீட்டுக்குள் பாயில் மட்டும், நாளுக்கு ஒரு மணி நேரம். அடி அழுக்காகாமல் இருந்தால் மாற்ற எளிது. கழற்றியதும் குதிகாலிலும் சுண்டுவிரலிலும் சிவப்பு இருக்கிறதா பாருங்கள். பத்து நிமிடத்தில் மறையவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

மண்ணில் விளையாடும் பிள்ளைக்குத் தடுப்பூசி அட்டையும் விளையாட்டுச் சாமான்தான். ரணஜன்னிக்கு எதிரான டி.பி.டி. ஊக்கத் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள்ளும், மறுபடி 5 முதல் 6 வயதிலும் போட வேண்டும். 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. (Td) ஊசி. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செலவில்லை. முள்ளோ ஆணியோ ஆழமாகக் குத்தினால் அட்டையோடு போங்கள். என்ன போட வேண்டும் என்று உடனே முடிவெடுப்பார்கள்.

11. ஏறத்தாழ எவ்வளவு ஆகும்

டி-ஷர்ட் 150 முதல் 300 ரூபாய், டிராயர் 150 முதல் 250, ஸ்போர்ட்ஸ் ஷூ 600 முதல் 1,200, கேன்வாஸ் 250 முதல் 450, வார் சாண்டல் 350 முதல் 700, நாலு ஜோடி சாக்ஸ் 200, தொப்பி 150. இரண்டு செட் உடுப்பு, ஒரு ஷூ, ஒரு சாண்டல், சாக்ஸ், தொப்பி எல்லாம் சேர்த்து 2,000 முதல் 3,500 ரூபாய்க்குள் முடிக்கலாம். ஆறு மாதத்தில் சிறுத்துவிடும் ஷூவுக்கு 2,500 ரூபாய் போடாதீர்கள். பணம் குறைவு என்றால் உடுப்பில் குறையுங்கள், ஷூவில் வேண்டாம். அரசுப் பள்ளியில் விலையில்லாக் காலணி கிடைத்தால், கையில் வந்த அன்றே தாளை வைத்துப் பாருங்கள். அளவெடுத்த நாளுக்குப் பிறகு கால் வளர்ந்திருக்கலாம்.

12. வாரம் ஒருமுறை, பிறகு பழசைத் தள்ளுவது

ஞாயிற்றுக்கிழமை ஷூவைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்புப் புள்ளியாகத் தெரியும் முள்ளை இடுக்கியால் நேராக இழுத்து எடுங்கள். உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். நுனி மேலே வந்திருந்தால் விரலில் தட்டும். நனைந்தால் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் காயவையுங்கள். அடுப்போரத்திலும் மதிய வெயிலிலும் வைத்தால் ஒட்டு இளகும்.

வாசலில் கழற்றிவிட்ட ஷூவை மறுநாள் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும். மலையும் பாறையும் சூழ்ந்த ஊர். தேளுக்கு இருட்டான ஷூ வசதியான இடம். கொட்டினால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், 108ஐக் கூப்பிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஆபத்தாக முடியலாம்.

அண்ணன் போட்ட டி-ஷர்ட், டிராயரைத் தம்பிக்குத் தாராளமாகப் போடலாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், இன்னும் நல்லது. ஷூ அப்படியல்ல. மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து கண் மட்டத்தில் பாருங்கள். குதிகால் ஒருபக்கம் சாய்ந்திருந்தாலோ, உள்மெத்தையில் அண்ணனின் ஐந்து விரலும் குழியாகத் தெரிந்தாலோ தம்பிக்குக் கொடுக்காதீர்கள். அவன் கால் அந்தக் குழிகளுக்குள் தன்னைப் பொருத்திக்கொள்ளத்தான் பார்க்கும். பத்துப் பதினைந்து நாள் போட்டு, சிறுத்துப்போய் ஒதுக்கியதாக இருந்தால், அடி நேராக நின்றால், உள்மெத்தையை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுக்கலாம். அப்போதும் தம்பியின் பாதத்தைத் தாளில் வரைந்து, வெட்டி, உள்ளே விட்டுப் பார்த்தபிறகு.